நார்ஃபோக் முதல் மயாமி வரை உள்நீர் வழியே: புதிதாக விசைப்படகு எடுப்பவர்களுக்கு

வர்ஜீனியா மாநிலத்தில் நார்ஃபோக் நகரை ஒட்டி ஓடும் எலிசபெத் ஆற்றில் 36 என்று எண் போட்ட சிவப்பு மிதவை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டிக் உள்கரை நீர்வழிக்கு அதுதான் மைல் பூஜ்ஜியம். அங்கிருந்து தெற்கே மயாமி ஏறக்குறைய 1,090 மைல். கீ வெஸ்ட் வரை போனால் 1,240 மைலைத் தாண்டும். ஆறு, வெட்டிய கால்வாய், காயல், சதுப்புக்குள் வளைந்து போகும் ஓடை என்று வழி மாறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான இடங்களில் கடலோர மணல் தீவுகள் குறுக்கே நின்று அலையைத் தாங்கிக்கொள்வதால், 30, 40 அடிப் படகு வைத்திருப்பவர்கள் முதல் நெடும்பயணத்துக்கு இந்த வழியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

அலை இல்லை என்பதால் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே கவலைப்பட வேண்டியது ஆழத்தைப் பற்றி. நீர்வழியைப் பராமரிப்பது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை. அவர்கள் ஏட்டில் நார்ஃபோக்கிலிருந்து ஃபோர்ட் பியர்ஸ் வரை ஆழம் 12 அடி, அங்கிருந்து மயாமி வரை 10 அடி. ஆனால் முகத்துவாரங்களின் அருகே ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் மணல் இடம் மாறுகிறது. 12 அடி இருக்க வேண்டிய இடத்தில் நீர் வற்றிய நேரத்தில் 5 அடிதான் இருந்தது என்று ஆழமானி காட்டும்போது வயிறு கலங்கும்.

ஆகவே முதல் பாடத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் "இன்று எவ்வளவு தூரம் போகலாம்?" என்று தொடங்காதீர்கள். "இன்று மாலை எந்தத் துறையில், எத்தனை மணிக்கு, நீர் எந்தப் பக்கம் ஓடும்போது கட்டப் போகிறோம்?" என்று தொடங்குங்கள். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் புறப்பட வேண்டிய நேரம் தானே வந்து நிற்கும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்குபவை.

கிளம்பும் முன்

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. தெற்கே போகிறவர்கள் அக்டோபர், நவம்பரில் இறங்குவார்கள். வடக்கே திரும்புகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில். உங்கள் காப்பீட்டு ஒப்பந்தத்தைக் கட்டாயம் வாசித்துப் பாருங்கள். குறிப்பிட்ட தேதிக்கு முன் குறிப்பிட்ட அட்சரேகைக்குத் தெற்கே படகு போகக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் நிபந்தனை இருக்கும். அதை மீறிப் போன இடத்தில் புயல் வந்தால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃபுளோரிடாவில் 1988 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்கள் 10 குதிரைத்திறனுக்குக் குறையாத படகை ஓட்ட வேண்டுமானால், படகுப் பாதுகாப்புப் பாடம் முடித்த அட்டை வேண்டும். வயது எதுவானாலும் அந்தப் பாடத்தைப் படித்துவிடுங்கள் என்பேன். படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு உடை இருக்க வேண்டும். 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், படகு ஓடும்போது மேல்தளத்தில் இருந்தால் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது கூட்டரசின் பொது விதி. மாநிலங்களுக்குத் தனி விதிகளும் உண்டு. தீயணைப்புக் குப்பியின் தேதி, ஆபத்துச் சைகை விளக்குகள், ஊதுகுழல் எல்லாவற்றையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்.

விஎச்எஃப் ரேடியோ (படகுகளும் கரையும் பேசிக்கொள்ளும் ரேடியோ) இல்லாமல் கிளம்பாதீர்கள். அமெரிக்க நீரில் பொழுதுபோக்குப் படகு வைத்திருப்பவருக்கு அதற்கு உரிமம் தேவையில்லை. அலைவரிசை 16 ஆபத்துக்கும் அழைப்புக்கும். திறந்து மூடும் பாலங்களின் காப்பாளர்களை வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் 13-இல் கூப்பிடுங்கள். தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடாவில் 9-இல்.

வரைபடத்தைப் பொறுத்தவரை, அரசு வெளியிட்டு வந்த பழைய காகித வரைபடங்கள் நிறுத்தப்பட்டுவிட்டன, எல்லாம் மின்வரைபடம்தான். சுக்கான் சக்கரத்தருகே பொருத்திய திரை ஒன்று, அதற்குத் துணையாக டேப்லெட்டில் ஒரு செயலி என்று இரண்டு கருவிகளாவது இருக்கட்டும். கைபேசியை மட்டும் நம்பினால் வெயிலில் சூடேறி, தேவைப்படும் நேரம் பார்த்து அணைந்துவிடும். அக்வா மேப் போன்ற செயலிகளில் பொறியாளர் படை எடுக்கும் புதிய ஆழ அளவீடுகளை வரைபடத்தின் மேல் விரித்துப் பார்க்கலாம். முகத்துவாரம் நெருங்கும்போது என் கண் அதில்தான் இருக்கும்.

இன்னொன்று, தரைதட்டினால் வந்து இழுத்துவிடும் இழுவைப் படகுச் சேவையில் ஆண்டுச் சந்தா கட்டிவிடுங்கள். சீ டோ, டோபோட் யூஎஸ் இரண்டும் இந்த வழி நெடுக உண்டு. சந்தா இல்லாமல் மணிக்கணக்கில் கட்டணம் கொடுப்பது மிகவும் கனமான செலவு.

மைலும் மஞ்சள் குறியும்

கடலில் தூரத்தைக் கடல் மைலில் அளப்பார்கள். இந்த நீர்வழியில் மட்டும் தரை மைல். கடல் மைல் 1.852 கிலோமீட்டர், தரை மைல் 1.609. திரையை மாற்றி வைக்காமல் கிளம்பினால் உங்கள் நேரக் கணக்கில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு பிசகும். பாலத்தருகே போய்ச் சேரும்போதுதான் அது தெரியும். முதல் நாளே தரை மைலுக்கு மாற்றுங்கள்.

வழியின் இருபுறமும் கம்பங்களும் மிதவைகளும் நிற்கும். சிவப்பு முக்கோணத்தில் இரட்டைப்படை எண், பச்சைச் சதுரத்தில் ஒற்றைப்படை எண். தெற்கே போகும்போது சிவப்பு உங்கள் வலப்பக்கம், நிலத்தை ஒட்டி இருக்கும். பச்சை இடப்பக்கம், கடலை ஒட்டி. இதை மனப்பாடம் செய்துகொண்டு நிம்மதியாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஒரு முகத்துவாரம் குறுக்கிடும். கடலிலிருந்து உள்ளே வரும் கப்பல்களுக்கென்று வைத்த குறிகளும் உங்கள் வழிக்குறிகளும் அங்கே ஒன்றாகக் கலந்துவிடும். சிவப்பு திடீரென்று இடப்பக்கம் தெரியும்.

அந்த இடத்தில் நிறத்தை மறந்துவிடுங்கள். கம்பத்தில் ஒட்டியிருக்கும் சிறிய மஞ்சள் குறியைத் தேடுங்கள். மஞ்சள் முக்கோணம் என்றால் தெற்கே போகிறவருக்கு வலப்பக்கம், மஞ்சள் சதுரம் என்றால் இடப்பக்கம். அது சிவப்புக் கம்பத்தில் இருக்கிறதா, பச்சைக் கம்பத்தில் இருக்கிறதா என்பது பொருட்டே அல்ல. ஒரு நல்ல இருகண் நோக்கி இதற்காகவே வாங்கலாம்.

திரையில் தெரியும் இளஞ்சிவப்புக் கோட்டின் மேல் படகை ஓட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டும் கோடு. ஆழம் அங்கேதான் இருக்கிறது என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. கோடு ஒன்றும் கம்பம் ஒன்றும் சொன்னால், கண்ணெதிரே நிற்கும் கம்பத்தை நம்புங்கள்.

நீர் ஏறும் நேரம், வற்றும் நேரம்

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான்.

வட கரோலினாவின் அல்பமார்ல், பாம்லிகோ காயல்களில் நிலவின் ஓதம், அதாவது கடல்நீர் தினமும் ஏறி வற்றுவது, பெரிதாக இல்லை. அங்கே நீர்மட்டத்தை ஏற்றி இறக்குவது காற்று. இரண்டு நாள் ஒரே பக்கமாகக் காற்று வீசினால் ஒரு கரையில் நீர் சேர்ந்து, மறுகரையில் வற்றிவிடும். அல்பமார்ல் அகலமும் நீளமும் உள்ள, ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு. கொஞ்சம் காற்று கூடினாலும் நெருக்கமான, செங்குத்தான அலைகள் எழும்பிப் படகை ஓயாமல் அடிக்கும். விடியற்காலையில், காற்று எழும் முன் கடந்துவிடுங்கள். முன்னறிவிப்பு சரியில்லை என்றால் ஒரு நாள் தங்கிவிடுவதில் எந்தக் குறையும் இல்லை.

தென் கரோலினாவைத் தாண்டி ஜார்ஜியாவுக்குள் நுழைந்ததும் எல்லாம் தலைகீழ். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 7 முதல் 9 அடி வித்தியாசம். காலையில் புல் நுனி மட்டும் தெரிந்த சதுப்பு, மதியம் ஆள் உயரச் சேற்றுக் கரையாக நிற்கும். இந்தப் பகுதியின் பொறி எப்படி அமைகிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். ஒரு முகத்துவாரத்தில் நுழையும் ஏற்ற நீர் ஓடை வழியாக வடக்கிலிருந்து வருகிறது. அடுத்த முகத்துவாரத்தின் நீர் தெற்கிலிருந்து வருகிறது. இரண்டும் நடுவழியில் சந்திக்கும் இடத்தில் ஓட்டம் நின்றுபோகும். ஓட்டம் நின்றால் நீர் சுமந்து வந்த வண்டல் அங்கேயே படியும். ஜார்ஜியாவில் பேர்போன ஆழமற்ற இடங்கள் பலவும் இப்படி இரண்டு பெரிய நீர்ப்பரப்புகளை இணைக்கும் குறுகிய வழிகளில்தான் இருக்கின்றன: சவானாவுக்குத் தெற்கே ஹெல் கேட், அதற்கும் தெற்கே லிட்டில் மட் ரிவர், பிறகு ஜெக்கில் க்ரீக்.

இவற்றைக் கடக்க ஒரே விதிதான். நீர் பாதி ஏறிய பிறகு, இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது நுழையுங்கள். அப்போது தட்டினாலும் சிறிது நேரத்தில் நீரே உங்களைத் தூக்கிவிடும். உச்ச ஏற்றத்தில் தட்டினால் நிலைமை வேறு. அதற்குப் பிறகு நீர் இறங்க மட்டுமே செய்யும்; அரை நாள் சாய்ந்து கிடக்க வேண்டியதுதான். என் முதல் பயணத்தில் மதியத்துக்குள் துறையைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வற்றும் நீரில் ஒரு குறுக்கு ஓடைக்குள் நுழைந்து, ஐந்து மணி நேரம் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாளிலிருந்து ஓத அட்டவணையைப் பார்க்காமல் காபிகூடக் குடித்ததில்லை.

தட்டிவிட்டால் என்ன செய்வது? முதலில் கியரை நடுநிலைக்குக் கொண்டு வாருங்கள். வேகம் கூட்டித் தாண்டிவிடலாம் என்ற எண்ணம் வரவே கூடாது; இன்னும் ஆழமாகப் புதையும். படகின் அடியில் தண்ணீர் புகுகிறதா என்று பாருங்கள். மெல்லப் பின்னால் எடுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து முறுக்கினால் மணலும் சேறும் குளிர்நீர்க் குழாய்க்குள் போய் எஞ்சினைக் கெடுக்கும். நீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று பார்த்து, காத்திருப்பதா இழுவைப் படகை அழைப்பதா என்று முடிவெடுங்கள்.

மர்டில் பீச் அருகே 'ராக் பைல்' என்று அழைக்கும் பகுதி தனி ரகம். பாறையை வெட்டிப் போட்ட கால்வாய் அது. இருபுறமும் பாறை விளிம்பு நீருக்குள் மறைந்திருக்கும். நுழையும் முன் ரேடியோவில் அறிவித்து, எதிரே சரக்குப் பாரம் ஏற்றிய தட்டைப் படகு எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நடுவிலேயே போங்கள்.

பாலம், பூட்டு, துப்பாக்கிச் சுடுதளம்

நிலையான பாலங்கள் பெரும்பாலும் 65 அடி உயரம். விசைப்படகுக்கு அவை ஒரு பொருட்டில்லை. திறந்து மூடும் பாலங்கள்தான் நேரத்தைத் தின்னும். ஆன்டெனாவை மடக்கினால் அடியில் போக முடியும் என்றால், மடக்கித்தான் போக வேண்டும். வீணாகத் திறக்கச் சொல்வது விதிமீறல். பாலத் தூணில் இருக்கும் அளவுப் பலகை அந்த நேரத்தில் நீருக்கு மேல் எத்தனை அடி இருக்கிறது என்று காட்டும். ஆகவே உங்கள் படகின் உயரம், ஆன்டெனா நிமிர்த்தியும் மடக்கியும், அடிக்கணக்கில் மனத்தில் இருக்கட்டும்.

கணக்கு எப்படி என்பதற்கு ஒரு இடம். வட கரோலினாவில் ஃபிகர் எய்ட் தீவுப் பாலத்துக்கும் ரைட்ஸ்வில் பீச் பாலத்துக்கும் இடையே 5 மைல். இரண்டும் மூடியிருக்கும்போது 20 அடி உயரம். முதல் பாலம் அரை மணிக்கு ஒருமுறை திறக்கும், இரண்டாவது மணிக்கு ஒருமுறைதான். 10:30-க்கு முதல் பாலத்தைக் கடந்தால் 11 மணியைப் பிடிக்க மணிக்கு 10 மைல் வேகம் வேண்டும், அதுவும் எதிர்நீர் இல்லாமல். 8 மைல் ஓடும் படகு என்றால் பத்து மணித் திறப்பில் கடந்து நிதானமாக வருவதே மேல். பாலத்தருகே காற்றிலும் ஓட்டத்திலும் ஒரே இடத்தில் படகை நிறுத்தி வைப்பது களைப்பான வேலை. திறப்பு நேரங்கள் மாறக்கூடியவை, ஆதலால் முந்தைய நாளே சரிபாருங்கள். பலத்த காற்றில் பாலங்களைத் திறக்கவே மாட்டார்கள்.

நார்ஃபோக்கிலிருந்து தெற்கே இரண்டு வழி. இரண்டிலும் பூட்டு உண்டு: படகைக் கதவுகளுக்கிடையே நிறுத்தி, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த நீர்மட்டத்துக்குக் கொண்டுபோகும் அடைப்பு. கிரேட் பிரிட்ஜ் பூட்டு வழியாகப் போகும் கால்வாய் 1859-இல் திறந்தது. ஒரே பூட்டு, சில அடி உயர வித்தியாசம்தான். மற்றது 1805-இல் திறந்த டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். இரு முனையிலும் பூட்டு, ஆழம் குறைவு, நீர் கடுந்தேநீர் நிறம். மரங்கள் இருபுறமும் கவிந்து நிற்க மெதுவாகத்தான் போக முடியும். நீரில் மூழ்கிய கட்டைகள் உண்டு. உருளிக்கு (படகை உந்தும் சுழல்விசிறிக்கு) சேதம் வரும் என்று அஞ்சுகிறவர்கள் முதல் வழியில் போகலாம். அழகுக்காக ஒருமுறை இரண்டாவது வழியில் போகத்தான் வேண்டும். அது கொண்டுபோய் விடும் எலிசபெத் சிட்டியில் நகரின் சொந்தத் துறையில் இலவசமாகக் கட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. பூட்டுக்குள் கயிற்றை இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். நீர் ஏற இறங்க, கையால் விட்டும் வாங்கியும் வர வேண்டும்.

வட கரோலினாவில் கேம்ப் லெஜூன் என்ற மரைன் படை முகாமின் ஊடே வழி செல்கிறது. சுடுபயிற்சி நடக்கும்போது அந்தப் பகுதியைச் சில மணி நேரம் மூடிவிடுவார்கள். முன்கூட்டி விசாரித்துக்கொண்டால் அன்றைய கணக்கு கெடாது.

மெதுவாக முந்துவது

உங்கள் படகு கிளப்பும் அலைக்கு நீங்கள்தான் பொறுப்பு. கரையில் கட்டியிருக்கும் படகுக்குச் சேதம் என்றாலும், பக்கத்தில் போகிற பாய்மரப் படகில் அடுப்பில் இருந்த வெந்நீர் யார் மேலாவது கொட்டினாலும் உங்களைத்தான் கேட்பார்கள்.

முந்தும் முறை இது. பின்னாலிருந்து ரேடியோவில் அந்தப் படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எந்தப் பக்கம் முந்தப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். இங்கே பழகியவர்கள் "ஒரு விசில்", "இரண்டு விசில்" என்பார்கள். ஒரு விசில் என்றால் அந்தப் படகை என் இடப்பக்கம் விட்டுப் போகிறேன் என்று பொருள். இரண்டு என்றால் வலப்பக்கம். பிறகு நீங்கள் வேகத்தைக் குறையுங்கள். இங்கே முக்கியமான நுணுக்கம், முன்னால் போகிறவரும் குறைக்க வேண்டும். அவர் 7 மைலில் போய்க்கொண்டே இருந்தால் நீங்கள் 9-இல் முந்த வேண்டியிருக்கும், அலை எழும்பத்தான் செய்யும். அவர் 3 மைலுக்கு இறங்கினால் நீங்கள் 5-இல் அலையே இல்லாமல் தாண்டிவிடலாம். நாளைக்கு உங்களை ஒருவர் முந்தும்போது நீங்களும் அப்படியே இறக்கிக் கொடுங்கள்.

ஃபுளோரிடாவில் மனாட்டி எனப்படும் கடற்பசுக்களுக்காக மெதுவேகப் பகுதிகள் நிறைய. அவை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அசையாமல் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் நிழல் மாதிரி இருக்கும். பலவற்றின் முதுகில் உருளி வெட்டிய தழும்பு இருக்கிறது. ஒருமுறை அதைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குப் பலகையில் எழுதியிருக்கும் வேகம் கசக்காது.

மெரினாவுக்குள் நுழைவது

இங்கே மெரினா என்பது பணம் கட்டிப் படகை நிறுத்தும் துறை. கட்டணம் படகின் நீளத்தை வைத்து, ஓர் அடிக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று. உதாரணமாக அடிக்கு 2.50 டாலர் என்றால் 36 அடிப் படகுக்கு 90 டாலர். மின்சாரத்துக்குத் தனியாக வாங்குவதும் உண்டு. நீளம் என்றால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரத் தட்டு முதல் பின்னால் குளிக்கும் மேடை வரை. படகின் மாடல் பெயரில் உள்ள எண் அல்ல. குறைத்துச் சொன்னால் ஒதுக்கும் இடம் பற்றாமல் போகும்.

முந்தைய நாள் தொலைபேசியில் கூப்பிடுங்கள், அல்லது டாக்வா போன்ற செயலியில் பதியுங்கள். பதிந்தாலும் ஒருமுறை பேசிவிடுவது நல்லது. கேட்க வேண்டியவை: நீர் வற்றிய நேரத்தில் நுழைவாயிலில் ஆழம் எவ்வளவு, துறை மிதப்பதா நிலையானதா, எனக்கு ஒதுக்குவது கூண்டு போன்ற இடமா, நீளத் துறையின் பக்கவாட்டா, ஓட்டம் எப்போது ஓய்ந்திருக்கும், அலுவலகம் எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள். முதல் சில வாரங்களுக்குப் பக்கவாட்டு இடமே வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். "நான் புதியவன்" என்று சொன்னால் நல்ல துறைக்காரர்கள் வசதியான இடமாகப் பார்த்துத் தருவார்கள்.

மின் இணைப்பு 30 ஆம்பியரா 50 ஆம்பியரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குள் போய்ச் சாமான் வாங்கிவரப் பல துறைகளில் இலவசக் கார் ஒன்று வைத்திருப்பார்கள். மாலையில் அதற்கு வரிசை இருக்கும்.

ஓட்டம் ஓய்ந்திருக்கும் நேரம் ஏன் முக்கியம் என்றால், சார்ல்ஸ்டன், செயின்ட் அகஸ்டின் மாதிரி இடங்களில் துறைக்குள்ளேயே நீர் ஆற்றைப் போல இழுக்கும். சார்ல்ஸ்டன் நகரத் துறையின் 'மெகாடாக்' 1,500 அடிக்கு மேல் நீளம். அதன் வெளிப்பக்கம் கட்டுவது ஓட்டம் ஓய்ந்த நேரத்தில் குழந்தை வேலை, ஓட்டம் வேகமான நேரத்தில் அனுபவசாலிக்கும் வியர்க்கும். உங்கள் அன்றைய கணக்கு இந்த நேரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

துறைக்கு ஒரு மைல் முன்பே ரேடியோவில் கூப்பிடுங்கள். துறையின் பெயர் இரண்டு முறை, உங்கள் படகின் பெயர், பிறகு காத்திருங்கள். அவர்கள் வேறு அலைவரிசைக்கு மாறச் சொல்வார்கள். அங்கே நீளம், அகலம், நீருக்குக் கீழ் எத்தனை அடி என்று சொல்லி, எந்தப் பக்கம் கட்டுவது என்று கேளுங்கள். பதிலைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். பக்கம் தெரிந்த பிறகே ஃபெண்டர்களை (படகு உரசாமல் காக்கும் மெத்தைகளை) தொங்கவிட்டுக் கயிறுகளைத் தயார் செய்யுங்கள். கயிறு கைப்பிடிக் கம்பிக்கு வெளியே சுற்றி வந்திருக்க வேண்டும். உள்ளே விட்டுக் கட்டினால் கம்பி வளையும். எல்லாம் துறைக்குள் நுழையும் முன்.

வெளியே ஒரு நிமிடம் கியரை நடுநிலையில் விட்டுப் படகு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். தூண்களின் எந்தப் பக்கம் நீர் குமிழியிட்டு மோதுகிறது என்று பாருங்கள். நீர் வருகிற திசையைப் பார்த்தே நெருங்க வேண்டும். எதிர்நீர் உங்களுக்குத் தடை போடும் பிரேக் மாதிரி. நீரோடு சேர்ந்து நுழைந்தால் நிறுத்தவே முடியாது. காற்றும் ஓட்டமும் எதிரெதிரே இருந்தால், அந்த ஒரு நிமிடத்தில் படகை நகர்த்தியது எதுவோ அதை எதிர்த்து வாருங்கள். சரியாக அமையவில்லையா, வெளியே போய் மறுபடி வாருங்கள். மூன்று முறை சுற்றி வந்தவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை. மோதப் போகிறது என்று தெரிந்தால் ஃபெண்டரை இடையே நுழைத்துவிடுங்கள். கையையோ காலையோ ஒருபோதும் நீட்டாதீர்கள். எட்டு டன் படகை எலும்பு தாங்காது.

முதல் கயிறு படகின் நடுவிலிருந்து. அதைத் துறையில் சற்றுப் பின்னால் இருக்கும், கயிறு கட்டுவதற்கான இரும்புக் கொம்பில் கட்டுங்கள். பிறகு எஞ்சினை மெல்ல முன்னோக்கி விட்டு, சக்கரத்தைத் துறைக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் படகு தானாகவே துறையோடு ஒட்டி நிற்கும். ஸ்பிரிங் கயிறு என்று இதைத்தான் சொல்வார்கள். இது ஒன்று கைவந்துவிட்டால் அணியத்து (முன்பக்க) கயிற்றையும் பின்பக்கக் கயிற்றையும் சாவகாசமாகக் கட்டலாம். துறையில் நிற்பவர் உதவ வந்து, அணியத்துக் கயிற்றைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுப்பார். நல்ல மனம்தான், ஆனால் முன்பக்கம் உள்ளே வர, பின்பக்கம் வெளியே வீசிவிடும். "கொம்பில் ஒரு சுற்றுப் போட்டுப் பிடித்துக்கொண்டால் போதும், இழுக்க வேண்டாம்" என்று கயிற்றைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மிதக்கும் துறையில் கயிற்றை அளவாகக் கட்டலாம், படகும் துறையும் சேர்ந்தே ஏறி இறங்கும். நிலையான துறையில் நீர் வற்றும்போது படகு மட்டும் இறங்கும். கயிறு குறுகலாக இருந்தால் படகு தொங்கும், அல்லது கொம்பு பிய்ந்துவரும். நீளமாக விட்டு, இரவில் ஒருமுறை எழுந்து பாருங்கள்.

கட்டிய பிறகு

மின்கம்பத்தில் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைச் செருகித் திருகுங்கள், பிறகே போடுங்கள். பிளக்கின் முனை கறுத்திருந்தால் பயன்படுத்த வேண்டாம், தீப்பிடிப்பது அங்கிருந்துதான்.

மெரினாவில் யாரையும் நீந்த விடாதீர்கள். இதைப் பிள்ளைகளுக்குக் கட்டளையாகவே சொல்லுங்கள். ஏதோ ஒரு படகில் மின்கசிவு இருந்தால் அது நீரில் பரவும், கண்ணுக்குத் தெரியாது. நன்னீரிலும் உப்புக் குறைந்த நீரிலும் நீந்துபவரின் தசைகளை அது செயலிழக்கச் செய்து மூழ்கடிக்கும். காப்பாற்றக் குதித்தவர்களும் அதே கதிக்கு ஆளாகியிருக்கிறார்கள். யாராவது தத்தளித்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், மிதவளையத்தை எறியுங்கள், குதிக்காதீர்கள்.

கழிவுத் தொட்டியைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் திறந்துவிடச் சட்டம் அனுமதிக்காது; இந்த வழி முழுவதும் அதற்குள்தான். துறைகளில் உறிஞ்சும் பம்ப் இருக்கும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை என்று அட்டவணையில் சேர்த்துவிடுங்கள்.

பெட்ரோல் படகு என்றால் எரிபொருள் நிரப்பும்போது எல்லோரும் இறங்கிவிட வேண்டும், கதவு ஜன்னல் எல்லாம் மூடியிருக்க வேண்டும், குழாய் முனை நிரப்பும் வாயின் உலோக வளையத்தைத் தொட்டபடியே இருக்க வேண்டும். முடிந்ததும் திறந்துவிட்டு, காற்றோட்டி விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓட்டி, எஞ்சின் அறையில் வாடை இல்லை என்று மூக்கால் சோதித்த பிறகே சாவியைத் தொடுங்கள். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கைச் செலவிடாமல் எப்போதும் கையிருப்பாக வைத்திருங்கள்.

எந்த ஊர்களில் தங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் விருப்பம்: வட கரோலினாவில் ஓரியன்டல், வட, தென் கரோலினா இரண்டிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கும் இரண்டு ஊர்கள், வடக்கில் போஃபர்ட் என்றும் தெற்கில் பியூஃபர்ட் என்றும் உச்சரிப்பவை, வக்காமா ஆற்றில் சைப்ரஸ் மரங்களுக்கிடையே ஜார்ஜ்டவுன் வரை போகும் நாள், 1565-இல் நிறுவிய செயின்ட் அகஸ்டின். வீரோ பீச்சில் நகரமே மிதவைகள் போட்டுக் கட்ட இடம் தருகிறது. வந்தவர்கள் கிளம்ப மனமில்லாமல் ஒட்டிக்கொள்வதால் படகுக்காரர்கள் அதை 'வெல்க்ரோ பீச்' என்று கூப்பிடுகிறார்கள்.

ஒரு நாளைக்கு 50 மைல் போதும். அப்படிப் போனால் மயாமிக்கு 22 நாள். காற்றுக்கும் ஓய்வுக்கும் சேர்த்தால் ஒரு மாதத்துக்கு மேல். இருட்டில் ஓட்டத் திட்டமிடாதீர்கள், விளக்கில்லாத கம்பங்கள் வழி நெடுக நிற்கின்றன.

மாலையில் அடுத்த நாளுக்கான துறை, ஓட்டம் ஓயும் நேரம், ஆழமற்ற இடங்களில் நீர் பாதி ஏறும் நேரம், பாலத் திறப்பு, கிளம்பும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் கீழிருந்து மேலாக எழுதிச் சக்கரத்தருகே ஒட்டுங்கள். காலையில் எஞ்சின் எண்ணெய், குளிர்நீர், பெல்ட் பார்த்து, எஞ்சினை ஓடவிட்டு, பின்னால் குளிர்நீர் வெளியே வருகிறதா என்று எட்டிப் பார்த்த பிறகே மின்கம்பியைக் கழற்றுங்கள். எந்தக் கயிற்றை முதலில், எதைக் கடைசியில் என்று கயிற்றருகே நிற்பவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இறுக்கமில்லாமல் தொய்ந்திருக்கும் கயிறுகள் முதலில். படகைத் துறையோடு பிடித்து வைத்திருக்கும் ஸ்பிரிங் கயிறு கடைசியில்.